அரை மணித்தியாலம் நடப்பதற்கு முன்னர்: வன்னியில் மிகுந்த உடற்பருமனும் பாதுகாப்பான நிறைகுறைப்பும்

வன்னியில் எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் நிறை கூடியவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஏறத்தாழ ஒன்றுதான்: "விடியக்காலமை எழும்பி அரை மணித்தியாலம் நடவுங்கோ, சோத்தைக் குறையுங்கோ." வெளியே நீண்ட வரிசை காத்திருக்க, ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கக்கூடிய வைத்தியரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமன்று. பத்துக் கிலோ கூடியிருக்கும் ஒருவருக்கு இந்த அறிவுரை போதும். ஆனால் 105 கிலோ நிறையுடன், இரண்டு முழங்கால்களிலும் நோவுடன், நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்திற்குமாக நான்கைந்து குளிசைகள் எடுத்துவரும் ஒரு பெண் இதை அப்படியே பின்பற்றினால், முதல் வாரத்திலேயே முழங்கால் வீங்கிப் படுத்துவிடவோ, வெறும் வயிற்றுடன் நடந்து வழியில் மயங்கி விழவோ இடமுண்டு. அதன் பின்னர் தனக்கு மனத்திடம் போதாது என்று தன்னையே நொந்துகொண்டு முயற்சியைக் கைவிடுவார். மிகப் பருத்த உடலுக்கு முதலில் பரிசோதனை, அடுத்து உணவு, உணவுடன் சேர்த்து இருந்தபடி செய்யும் தசைப் பயிற்சி, அவற்றுக்குப் பின்னரே நடை என்ற ஒழுங்கு வேண்டும். அறிவுரை பயனற்றுப் போவது பெரும்பாலும் இந்த ஒழுங்கு தலைகீழாவதனால்தான்.

நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவதே உடற்றிணிவுச் சுட்டெண். உலக சுகாதார நிறுவனம் 30 ஐயும் அதற்கு மேற்பட்டதையும் உடற்பருமன் என்றும், 40 ஐயும் அதற்கு மேற்பட்டதையும் அதன் மூன்றாம் வகுப்பு என்றும் வகுக்கிறது. மேலே சொன்ன பெண்ணின் உயரம் 160 சென்ரிமீற்றர் எனின் அவரது சுட்டெண் 41. ஆசிய உடல்வாகுள்ளோருக்கு நீரிழிவும் இதயநோயும் குறைந்த நிறையிலேயே வந்துவிடுவதால், 23 இலிருந்து எச்சரிக்கையும் 27.5 இலிருந்து கூடிய எச்சரிக்கையும் வேண்டும் என அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துக்காட்டியது. இடுப்புச் சுற்றளவைப் பொறுத்தவரை தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. இங்கே பேசப்படுவது அந்த எல்லைகளையெல்லாம் வெகுதூரம் கடந்துவிட்டவர்களைப் பற்றி.

பட்டினியும் இடப்பெயர்வும் கண்ட வன்னி மண்ணில் இத்தனை பருமன் எப்படி வந்தது என்று வெளியூரார் சிலர் வியப்பதுண்டு. வியப்பதற்கு அதிகம் இல்லை. 2009 க்கு முன்னர் எரிபொருள் தட்டுப்பாட்டினால் சைக்கிளிலும் கால்நடையாகவும் அலைந்த மக்கள், மீள்குடியேறிய சில ஆண்டுகளுக்குள் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் மாறினார்கள். அரிவி வெட்டும் சூடடிப்பும் இயந்திரத்தின் வேலையாகிவிட்டன. வயலிலும் தோட்டத்திலும் நின்ற பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் இருந்தபடி தைக்கிறார்கள். முகாம் காலத்து நிவாரணப் பொதியிலிருந்த கோதுமை மாவும் சீனியும் எண்ணெயும் அடுப்படியை விட்டுப் போகவே இல்லை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் நிலவியபோது தாயின் வயிற்றில் இருந்தவர்களை நடுவயதில் ஆராய்ந்தவர்கள், அவர்களது உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததைக் கண்டார்கள். பட்டினிக்குப் பழகிய உடல் பின்னர் கிடைக்கும் உணவைச் சேமிக்கவே முனைகிறது என்று கருதப்படுகிறது. இவற்றோடு மருந்துகளையும் சேர்க்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் கொடுபடும் ஒலன்சபின் போன்றவையும், நீண்டகாலம் எடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்தும், இன்சுலினும் நிறையைக் கூட்டும். போர் விட்டுச்சென்ற மனக்காயத்திற்கு மருந்து எடுப்பவரைச் சோம்பேறி என்று உறவினர் ஏசுவது கொடுமை. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேட்பதே வழி.

பரிசோதனைக்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. 2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் இயங்குகின்றன. நிறை, இடுப்பளவு, குருதி அமுக்கம், சர்க்கரை ஆகியவற்றை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஈசீஜியும் குருதிப் பரிசோதனைகளும் செய்யலாம். பருத்தவர்கள் அங்கே ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். குருதி அமுக்கம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டி வழக்கமான அளவினதாக இருந்து, கை மிகப் பருத்ததாக இருந்தால், காட்டும் அளவு உண்மையை விடக் கூடுதலாக இருக்கும். அதை நம்பிக் குளிசையின் அளவைக் கூட்டினால், நிறை குறையத் தொடங்கும் காலத்தில் எழுந்து நின்றவுடன் தலை சுற்றும். "பெரிய பட்டி இருக்கிறதா, நேர்ஸ்?" என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. வீட்டுத் தராசுகளும் இப்படித்தான்: பல 120 அல்லது 130 கிலோவுடன் நின்றுவிடும். அதற்கு மேற்பட்டவர்கள் வைத்தியசாலைத் தராசில் மாதம் ஒரு முறை நிறுத்தால் போதும்.

உடன் உறங்குபவர்கள் சொல்லும் தகவலையும் வைத்தியரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். பலத்த குறட்டை, குறட்டையின் நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தல், பகலில் கண் சொருகுதல் ஆகியவை உறக்கத்தில் தொண்டை அடைபடும் நோயின் அறிகுறிகள். கழுத்துப் பருத்தவர்களிடம் இது அதிகம். குருதி அமுக்கத்தை உயர்த்தும், பசியைக் கூட்டும். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது கண் அயர்ந்தால் உயிருக்கே உலை.

அடுத்தது உணவு. நிறையைக் குறைப்பதில் உணவின் பங்கு பெரிது, உடற்பயிற்சியின் பங்கு சிறிது என்பதைக் கணக்கே காட்டிவிடும். ஒரு கோப்பைத் தேநீருக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறத்தாழ 75 கிராம் சீனி. அதன் சக்தி 300 கிலோகலோரி. நூறு கிலோ சொச்சம் நிறையுள்ளவர் ஒரு கிலோமீற்றர் நடக்கும்போது, சும்மா இருப்பதை விட மேலதிகமாகச் செலவழிப்பது 50 கிலோகலோரி அளவுதான். தேநீர்ச் சீனியை ஈடுசெய்ய அவர் ஐந்தாறு கிலோமீற்றர் நடக்க வேண்டும். அவரது முழங்கால் அதற்கு இடம்கொடாது. சீனியை விடுவதற்கோ ஓரடிகூட எடுத்து வைக்கத் தேவையில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் சீனிதான், துண்டு சிறிதாக இருப்பதொன்றே அதிலுள்ள நன்மை. போத்தல் குளிர்பானங்களுக்கு 2016 முதல் இலங்கையில் நிறக்குறி கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்புப் போத்தலை வீட்டுக்குள் எடுக்காமல் விட்டாலே சில குடும்பங்களில் பாதிப் பிரச்சினை தீரும்.

சோற்றை முற்றாக விடுவது தேவையற்றது, நிலைக்கவும் மாட்டாது. ஒரு கோப்பை சோற்றில் 200 கிலோகலோரி அளவு உண்டு; வயல் வேலைக்குப் போன காலத்துக் கோப்பை அளவுகளில் இன்றும் மூன்று நான்கு கோப்பை போடப்படுவதே சிக்கல். ஒன்றரைக் கோப்பை சிவப்பரிசிச் சோறு, சாப்பிடும் தட்டின் பாதிக்கு மரக்கறியும் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்ற இலைவகைகளும், கை அளவு மீன் அல்லது பருப்பு என்று மாற்றினால் வயிறும் நிரம்பும். புட்டில் மாவுக்குச் சரிபாதியாகத் தேங்காய்ப்பூ போடும் வழக்கம் எங்களுக்கு உண்டு. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கிலோகலோரி இருப்பதை நினைத்து அளவைக் குறைக்கலாம். சம்பலும் சொதியும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை. பொரியலுக்கு ஊற்றும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எண்ணெயும் 120 கிலோகலோரி. பின்னேரத்தில் ரோல்சுக்கும் வடைக்கும் பதிலாக அவித்த கௌபியோ பயறோ சாப்பிடுவது வன்னியில் புதிதன்று, மறந்துபோன பழக்கம்.

நாளுக்கு 500 கிலோகலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் நிறை இறங்கும். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பாதுகாப்பான வேகம். முதலிரண்டு வாரங்களில் இதைவிட வேகமாக இறங்குவது உடலிலுள்ள நீர், கொழுப்பன்று. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்புக் கூடும், தசையும் கரையும். வேகத்தை விற்பவர்களுக்கு இந்த மண்ணிலும் குறைவில்லை. பேஸ்புக்கில் விற்கப்படும் மெலிவுக் குளிசைகளிலும் மூலிகை மாவுகளிலும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதயத்துக்குத் தீங்கு எனக் கண்டு 2010 இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுற்றமின் என்ற மருந்து, "மூலிகை" என்று ஒட்டிய பொதிகளுக்குள் மறைந்திருந்ததைப் பல நாட்டுப் பரிசோதனைகள் கண்டுபிடித்திருக்கின்றன. புரத மாவிலும் எச்சரிக்கை வேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகள், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் உலர்வலயத்துக்குள் அடங்குகின்றன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் அளவைக் குருதியில் பார்க்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக் எடுத்துக்கொண்டு, குருதி அமுக்கக் குளிசையும் நீர் போக்கும் குளிசையும் எடுத்து, வெயிலில் வியர்த்து நீரும் குடிக்காமல் விட்டால் நல்ல சிறுநீரகமே பழுதாகிவிடும்.

உடற்பயிற்சி நிறைக்கு அதிகம் உதவாது என்றால் ஏன் செய்ய வேண்டும்? நிறை குறையும்போது தசை கரையாமல் காப்பதும், சர்க்கரையைத் தசைக்குள் இழுப்பதும், மூட்டைத் தாங்குவதும், குறைந்த நிறை திரும்ப ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. முழங்கால் தேய்ந்த பருத்தவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005 இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ குறைவதைக் காட்டியது. 105 கிலோவில் ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ. இதனால்தான் உணவில் முதல் ஐந்து கிலோ இறங்கும் வரை நீண்ட நடையைத் தள்ளிவைத்து, தொடைத் தசையை முதலில் பலப்படுத்தச் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு வேண்டியது ஒரு கதிரை. எங்கள் வீடுகளில் எங்கும் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை இதற்கு ஆகாது. வெயிலில் கிடந்து வெடித்த கால் திடீரென விரிந்தால் இடுப்பெலும்பு முறியும். கை பிடியுள்ள மரக் கதிரையைச் சுவரோடு அணைத்து வைத்து, இருக்கை பதிவாக இருந்தால் மடித்த போர்வையைப் போட்டு உயர்த்த வேண்டும். நுனிக்குச் சற்று முன்வந்து இருந்து, பாதங்களைத் தோள் அகலத்தில் ஊன்றி, உடலை முன்சரித்து, கைபிடியை அழுத்தியபடி மெதுவாக எழுந்து, எழுந்ததை விட மெதுவாக இருக்க வேண்டும். "தொப்" என்று விழுந்து இருந்தால் பயிற்சியின் பாதி வீண். முதல் நாள் மூன்று முறை எழும்பினாலே போதும். சிலருக்கு ஒரு முறைதான் முடியும், அதுவும் தொடக்கமே. மூச்சை அடக்கி முக்கக் கூடாது, எழும்போது மூச்சை வெளிவிட வேண்டும். எழவே முடியாதவர் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்கலாம். குதிக்காலை உயர்த்தி இறக்குவதும், சுவரில் கை ஊன்றி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளுவதும் அடுத்தடுத்த படிகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் தசைக்கு ஓய்வு கிடைக்கும். பயிற்சி முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் மூட்டு நோவு நீடித்தாலோ மறுநாள் வீங்கினாலோ அளவு கூடிவிட்டது என்று பொருள். அடுத்த முறை பாதியாக்க வேண்டும். நிலத்தில் இருந்து செய்யும் ஆசனங்களைத் தொடக்கத்தில் விட்டுவிடலாம். இறங்குவது எளிது, எழுவது கடினம்.

நடையை வளவுக்குள்ளேயே தொடங்கலாம். வாசலிலிருந்து கிணற்றடி வரையும் திரும்பியும் மூன்று நிமிடம், நாளுக்கு நான்கு முறை. வாரத்துக்கு ஓரிரு நிமிடங்கள் கூட்டினால் போதும். நடந்தபடி கதைக்க முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும்: அதுவே சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு பல மாதங்களுக்குப் பிந்திய இலக்கு. வளவை விட்டு வெளியேறும் நிலை வந்ததும் இடம் பார்க்க வேண்டும். குளக்கட்டு காற்றோட்டமாக இருக்கும், ஆனால் சரிவும் சரளையும் கணுக்காலைப் புரட்டும். காட்டோரக் குளங்களில் விடியற்புறமும் மம்மலிலும் யானை வரும். குளத்தில் முதலை உண்டு, ஆகவே நீரில் நடந்தால் மூட்டுக்கு நல்லது என்று வாசித்துவிட்டு எந்தக் குளத்திலும் இறங்க வேண்டாம். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் கண்ணிவெடி அகற்றல் நடந்தது. பழகாத ஒற்றையடிப்பாதையைக் குறுக்குவழி என்று எடுக்கக் கூடாது. பாடசாலை மைதானம் சமதரை, மனிதர் நடமாட்டமும் உண்டு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்ற கூச்சம் அங்கேதான் பலரைத் தடுக்கிறது. இரண்டு மூன்று பேராகப் போனால் அது பாதியாகிவிடும்.

வெக்கையைத் தாங்கும் ஆற்றல் பருத்த உடலுக்குக் குறைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்று தெரியாது. காலை ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. தொடை உராயும் இடத்தில் வசிலின் பூசி, உள்ளே பருத்தித் துணி அணிய வேண்டும். குளித்தபின் வயிற்று மடிப்பையும் மார்பின் கீழ்ப்புறத்தையும் ஒற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பற்றும். இறப்பர்ச் செருப்பு நடைக்கு உதவாது. பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் சப்பாத்தை மாலையில் அளந்து வாங்க வேண்டும், நீரிழிவு உள்ளவர் ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும்.

செயற்கைக் கால் அணிந்தவர்கள் வன்னியில் பலர். அவர்களுக்கு நிறை கூடினாலும் குறைந்தாலும் எஞ்சிய காலின் சுற்றளவு மாறும். சில கிலோ குறைந்ததும், எஞ்சிய கால் பொருந்தும் செயற்கைக் காலின் கிண்ணம் தளர்ந்து, கால் உள்ளே ஆடி, தோல் உரிந்து புண்ணாகும். காலுறையைக் கூட்டிப் போட்டுச் சிறிது காலம் சமாளிக்கலாம். அதன் பின்னர் கிண்ணத்தை மாற்ற வேண்டும். இப்படிப்பட்டவர் நடையைக் கூட்டுவதை விட, இருந்தபடி கைக்கும் தோளுக்கும் பயிற்சி செய்வதே முதல் மாதங்களுக்குப் பொருந்தும்.

விரதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பதோ, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கோ ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதாவிடமோ நடந்து போவதோ நிறை குறைக்கும் வழிகளல்ல. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவுக் குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. வியர்வையும் நடுக்கமும் தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். எங்கள் வெயிலில் வியர்வையை யாரும் பொருட்படுத்துவதில்லை, குருதி அமுக்கத்திற்கு அற்றினோலோல் எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும். ஆகவே நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோசோ சீனியோ இருக்க வேண்டும். உணர்விழந்த பாதத்துடன் மதிய வெயிலில் வெறுங்காலுடன் கோயில் வீதியில் நடப்பவர் கொப்புளத்தை வீட்டுக்கு வந்த பிறகே காண்கிறார். விரதம் இருக்க விரும்புவோர் ஒரு வாரம் முன்னதாகவே கிளினிக்கில் சொல்லிக் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் நோவு, இருந்தும் ஆறாத மூச்சிளைப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி 1990 இலக்க அம்புலன்சை அழைக்க வேண்டும். இச்சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் குருதி உறைந்திருக்கலாம், அதை எண்ணெய் பூசி உருவக் கூடாது, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சுட்டெண் 40 ஐக் கடந்தவர்களுக்கும், 35 ஐக் கடந்து நீரிழிவு முதலிய நோய்கள் உள்ளவர்களுக்கும் இரைப்பைச் சத்திரசிகிச்சை ஒரு தெரிவு. பசியைக் குறைக்கும் செமகுளுற்றைட் போன்ற ஊசிகளும் வந்துள்ளன. விலையும் தூரமும் வன்னி மக்களுக்குத் தடையாக உள்ளன, ஆயினும் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேட்பது ஒவ்வொரு நோயாளியின் உரிமை.

நிறையில் ஐந்து முதல் பத்து வீதம் குறைந்தாலே சர்க்கரையும் குருதி அமுக்கமும் இறங்கத் தொடங்கும். பல மாதங்களின் பின் நிறை ஓரிடத்தில் நின்றுவிடுவதும் எதிர்பார்க்கக்கூடியதே: இலேசான உடல் குறைவாகவே செலவழிக்கும், பசியோ கூடும். அந்த நேரத்தில் உணவை மேலும் வெட்டாமல், கதிரைப் பயிற்சியின் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டி, சீனியும் எண்ணெயும் சத்தமின்றித் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்க்கலாம். பழைய நிறைக்கு எழுதிய குளிசை அளவு புதிய உடலுக்குக் கூடுதலாக இருக்கும் என்பதுதான் பலரும் கவனிக்காதது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், அல்லது உணவு பிந்தும்போது கை நடுங்கினால், குளிசையைத் தானாக நிறுத்தாமல், நிறையையும் வீட்டில் பார்த்த சர்க்கரை அளவையும் திகதியுடன் குறித்த கொப்பியைக் கிளினிக் திகதி வரும் வரை வைத்திராமல் முன்னதாகவே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.